தார்ப்பாய்க்குள் தொட்டி

கம்பெனி பிரஸ் மெஷினில் நசுங்கி மோதிர விரல் போனபின் ஜூஜுவாடியில் பஞ்சர் கடை போட்ட ஃபக்ருதீன், மெட்ராஸ் லாரிக்காரர்கள் கேனில் கொண்டுவந்த கடல் தண்ணீரில் பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தான். ஓசூர் வட்டாரத்திலேயே அவனிடம் மட்டும்தான் அது. சிவப்பாகப் படியும் கொழகொழப் பாசிதான் வழிக்க வழிக்க வந்தது. கடைசியில், பாசி சாகட்டும் என்று வெளிச்சம் புகாமல் லாரித் தார்ப்பாயால் மூடிவைத்தான்.

வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு வந்து, மனைவி சுக்ரா பார்க்கத் தார்ப்பாயை எடுத்தான். கண்ணாடி பளபளத்தது. உள்பக்கம் ஓரிடத்தில் மட்டும், கை பதித்த அச்சாகப் பாசி நின்றது.

"உங்க கையாட்டமே இருக்குதுங்க," என்றாள் சுக்ரா. "ஆனா அஞ்சு வெரலும் இருக்குதே!"

ஃபக்ருதீன் வெளியிலிருந்து விரல் போன கையை வைத்துப் பார்த்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

"என் கையேதான் புள்ள," என்றான் பெருமையாக. "இத மட்டும் வழிக்க மாட்டேன்."

கண்ணாடியின் ஜில்லிப்பு ஐந்து விரலிலும் ஏறியது.