இருபத்தோராம் நாள் அலமாரி

“ஒரு அலமாரி மாட்ட எத்தனை நாளும்மா ஆகும்?”

செயலாளர் கேட்டதில் தப்பே இல்லை. அந்த அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் செயலாளர். தண்ணீர்த் தொட்டி வழிந்தாலும், லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டாலும் அவர் தலையில்தான் விடியும். இன்றைக்கு மூன்றாம் மாடி.

கதவைப் பாதி திறந்து, மீதியைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டு நின்றாள் அந்த வீட்டுப் பெண். உள்ளறையிலிருந்து ‘டர்ர்ர்ர்’ என்று துளை போடும் மிஷின் சத்தம் பல்லைக் கூச வைத்தது.

“இன்னும் கொஞ்சம்தான் சார். முடிஞ்சிடும்.”

“இதையேதான் போன வாரமும் சொன்னீங்க.”

“போன வாரம் சொன்னது ஜன்னல் திரைக் கம்பிக்கு சார். அதுக்கு முன்னாடி கண்ணாடி மாட்டினோம். அவர் பிறந்தநாளுக்கு இந்த மிஷினை வாங்கிக் குடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

செயலாளருக்குப் பின்னால் நின்ற கீழ்வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார். அவர் ரயில் ஓட்டுநர். ராத்திரி முழுக்க விழித்திருந்து வண்டி ஓட்டிவிட்டு வருகிறவர்; மத்தியானம் இரண்டு மணி நேரம் தூங்கினால்தான் மனுஷனாக இருப்பார். கன்னத்தில் தலையணை வரி அப்படியே பதிந்திருந்தது.

“இருபத்தோரு நாள் சார்! சாப்பிட்டுட்டு அப்படியே கண்ணை மூடுறேன், ஒரு மணிக்கு ஆரம்பிக்குது. மூணு மணிக்கு டாண்ணு நிக்குது. ஆபீஸாவது ஞாயித்துக்கிழமை லீவு விடும், இவங்க அதுவும் விடறதில்ல. எனக்கென்னவோ உள்ளே தச்சுப்பட்டறை நடக்குதுன்னு சந்தேகமா இருக்கு.”

“பட்டறையா? ஐயோ, அவருக்கு ஒரு ஆணியை நேரா அடிக்கத் தெரியாது சார்!” என்று அவள் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் செயலாளர் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்திருந்தார்.

“இது வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதின லெட்டர். நான் கையெழுத்துப் போட்டா, அடுத்த மாசம் நீங்க வேற வீடு பார்க்கணும். தெரியுமில்ல?”

அவளுக்கு இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது வீடு. முந்தின இரண்டையும் காலி செய்ததுகூட அக்கம்பக்கத்தார் புகாரினால்தான். இங்கே வந்த நாளிலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக முதுகு ஒடிய வேலை பார்த்து, சுவருக்குச் சாயம் பூசி, குழந்தை அடுப்படிக்குள் பாயாமலிருக்க இடுப்புயரத்தில் ஒரு தடுப்புக் கதவும் போட்டு, இப்போதுதான் இது வீடு மாதிரி ஆகியிருந்தது. மறுபடியும் மூட்டை கட்டுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“சார், கையெழுத்து மட்டும் போட்டுடாதீங்க. இன்னும் ஒரு ஆறு மாசம்...” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“ஆறு மாசமா!” ஓட்டுநர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது.

“நீங்க இருங்க,” என்று அவரை அடக்கிய செயலாளருக்குத் திடீரென்று ஒரு ஞாபகம் வந்தது. “ஏம்மா, உங்களுக்கு ஒரு குட்டிப் பொண்ணு உண்டே? லிஃப்ட்ல ஏறினா எல்லா பட்டனையும் அமுக்குமே, அது எங்கே?”

“உள்ளேதான் சார் இருக்கா.”

“உள்ளேன்னா?”

அவள் மெதுவாக, மிஷின் அலறிக்கொண்டிருந்த அறையைக் காட்டினாள்.

செயலாளரின் முகம் சிவந்தது. “அந்தச் சத்தத்துக்கு நடுவுலயா? பெத்தவங்கதானா நீங்க? பச்சைக் குழந்தை என்னத்துக்கும்மா ஆகும்?”

“அவளுக்கு ஒண்ணும் ஆகாது சார். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், இப்ப உள்ளே போகாதீங்க!”

போகாதே என்று சொன்னால் நிற்கிற ஆளா அவர்? அவளை விலக்கிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் விறுவிறுவென்று நடந்து, அறைக் கதவைத் தள்ளினார்.

“நிறுத்துய்யா மிஷினை!”

சத்தம் நின்றது. கட்டடமே மூச்சு விட்டது போலிருந்தது. வாசலில் நின்ற ஓட்டுநர் கண்ணை மூடி, “அப்பாடா!” என்றார்.

அந்த அப்பாடா முடிவதற்குள் குழந்தை வீறிட்டது. சாதாரண அழுகை இல்லை அது. மாடிப்படி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே யாரோ கதவைத் திறந்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கத்தினார்கள். தினம் ரயில் ஊதலோடு குடித்தனம் நடத்துகிற ஓட்டுநரே இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

“நான்தான் வேண்டாம்னு சொன்னேனே!” என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு மறுபடியும் ‘டர்ர்ர்ர்’.

“அடப்பாவி! செயலாளரை உள்ளே வச்சுக்கிட்டேவா?” ஓட்டுநருக்கு ரத்தம் கொதித்தது. பாய்ந்து உள்ளே போனார்.

புதுச் சாயம் பூசிய சுவரில் ஒரு ஓட்டைகூட இல்லை. தகப்பன்காரன் ஒரு மூலையில் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான். நடு அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துளைக்கும் முனையே மாட்டாத மிஷினை வெறும் காற்றில் ஓட்டிக்கொண்டிருந்தவர் செயலாளர். அவர் மடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது குழந்தை.

கத்துவதற்காக வாயைத் திறந்த ஓட்டுநரைப் பார்த்ததும், செயலாளர் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

“ஷ்ஷ்... சத்தம் போடாதீங்கய்யா, இப்பதான் தூங்குறா!”