ஊமைப் படத்தில் ஒரு நாற்காலி

“கிறீச்சிடுகிற நாற்காலியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? சாயங்காலம் அடுப்பில் போடு” என்று படப்பிடிப்புக் கொட்டகையில் யாரோ சொல்லிக்கொண்டு போனது மர நாற்காலியின் காதில் விழுந்தது. அன்று முழுக்க மூச்சுகூட விடக்கூடாது என்று அது முடிவு செய்தது.

காட்சியில் காதலியின் அப்பா தூங்குகிறார். காதலன் அந்த நாற்காலியில் ஏறி, பரண்மேல் ஒளிந்திருக்கும் காதலிக்குப் பூ கொடுக்க வேண்டும். இரண்டு முறை எடுத்தார்கள். நாற்காலி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அப்பா விழித்துவிடுவாரோ என்ற பயம் காதலன் முகத்தில் துளிகூட வரவில்லை. இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏன்டி இப்படி விறைச்சுப்போய் நிக்கிறே?” என்றது பக்கத்தில் சாய்ந்திருந்த ஏணி.

“சத்தம் போட்டா எனக்கு அடுப்புதான் அக்கா. அப்பாவும் முழிச்சுக்குவார்.”

“அவருக்குச் சம்பளமே தூங்கறதுக்குத்தான். இது ஊமைப் படம், அசடு. கேமராவுக்குக் கண்ணு உண்டு, காது ஏது?”

அடுத்த முறை காதலன் ஏறியதும், நாற்காலி அதுவரை அடக்கிவைத்த அத்தனையையும் சேர்த்துக் கிறீச்சிட்டது. காதலன் நிஜமாகவே அரண்டுபோய்ப் பூவை அப்பாவின் மூக்கின்மேல் போட்டான். கொட்டகையே சிரித்தது.

“இந்த நாற்காலியை யாரும் தொடக்கூடாது” என்றார் இயக்குநர். “எங்கே, இன்னொரு தடவை.”

நாற்காலி நான்கு கால்களையும் நன்றாக ஊன்றிக்கொண்டு, முன்னைவிட உரக்கக் கிறீச்சிட்டது.