ஐந்தாவது ஜோடி

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: பெரியவர், மூத்த மகன், மருமகள், மகள். மறுநாள் மலையேற வேண்டும். போன வருஷம் இளைய மகன் அதே மலையில் இறந்தபின், குடும்பமே பயந்துவிட்டது என்று தெரு பேசியது. அந்த வாயை அடைக்கத்தான் பெரியவர் இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தார்.

அட்டைக்கடிக்கு உப்பும் புகையிலையும் கட்டியாகிவிட்டது. கிளம்புமுன் எல்லாருடைய பூட்ஸிலும் கைவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். செய்தித்தாள்மேல் ஐந்து ஜோடி இருந்தன. ஐந்தாவது ஈரமாக இருந்தது. நாடாவின் இரட்டை முடிச்சு அவிழவில்லை. கையை நுழைத்தவர் முகம் சுளித்தார். உள்ளே ரத்தம் குடித்து உப்பிய அட்டைகள் வழவழவென்று நெளிந்தன. ஒன்று விரலிடுக்கில் நசுங்கிச் சூடாக வழிந்தது.

"உவ்வே! நாத்தம் குடலைப் புடுங்குது மாமா, தூக்கி வெளிய போடுங்க," என்றாள் மருமகள்.

"யாருதுப்பா இது?" என்றாள் மகள்.

"தம்பியோடது," என்றான் மூத்தவன்.

பெரியவர் உப்பை அள்ளிக் கையைத் தேய்த்தார். "வேடிக்கை போதும். மூட்டையைக் கட்டுங்க."

இளையவனை மலையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. அது பொய். பெரியவரே அவனைச் சுமந்து வந்து, அந்த பூட்ஸை மாட்டி, இரட்டை முடிச்சுப் போட்டுப் புதைத்தார்.