கருகிய பஞ்சு

"பஞ்சை அவ்வளவு இறுக்கித் திணிக்காதீங்க மாமா. திரவம் ஏறாது, கருகிடும்."

சொன்ன பிறகுதான் கியூஹோவுக்கு உறைத்தது, கருகப்போவது தன் கல்யாணம் என்று.

பெண் கேட்டு அவன் குன்சான் நகரத்துக்கு வந்து முழுசாக அரைமணி ஆகவில்லை. ரயிலில் வரும்போதே காதலி நாரே நூறு தடவை எச்சரித்திருந்தாள். சம்மதம் முழுக்க அம்மா கையில். அம்மா அடுக்ககத்து மகளிர் சங்கத் தலைவி. பதினெட்டு மாடியிலும் 'புகைக்கு இடமில்லை' என்று நோட்டீஸ் ஒட்டியவள். கொசுவர்த்திக்குக்கூட அனுமதி கிடையாது. அந்தக் கட்டடத்தில் கொசுக்கள் பேரன் பேத்தி எடுத்து நிம்மதியாக வாழ்ந்தன.

அதனால் வந்ததும் வராததுமாக, இரண்டு கையாலும் பேரிக்காய்ப் பெட்டியை நீட்டியபடியே, ஜென்மத்தில் புகையை மோந்ததில்லை என்று அத்தையிடம் சொல்லிவிட்டான். எட்டு மாதமாகத் தொடவில்லை என்பது சத்தியம். அதற்கு முந்தைய ஏழு வருஷம் அவன் விட்ட புகையில் ஒரு ரயிலே ஓட்டியிருக்கலாம்.

நாரேவை டோஃபு, அதான் அந்த வெள்ளைச் சோயாக்கட்டி, வாங்கி வர அத்தை கீழே அனுப்பினாள். அந்தச் சமயம் பார்த்து நாரேவின் அப்பா, பியோன் மாமா, இவனைப் பால்கனிக்கு அழைத்தார். அங்கே செய்தித்தாளின் மேல் ஒரு இ-சிகரெட், பிரேதப் பரிசோதனைக்கு வந்ததுபோல் பிரிந்து கிடந்தது. மாமா பல்குத்தியால் அதற்குள் பஞ்சை இடித்துக்கொண்டிருந்தார், தலையணைக்கு அடைப்பதுபோல. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

எப்படித் தெரியும் என்று கேட்டார் மாமா. ஏதோ வீடியோவில் பார்த்ததாக இவன் மழுப்பினான். அவர் மறுபேச்சில்லாமல் இடுக்கியை அவன் கையில் வைத்தார்.

வாயைப் போலக் கைக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. கருகிய பஞ்சை ஒரே இழுப்பில் உருவியது. பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி, கம்பிச்சுருளை லேசாகச் சிவக்கவைத்தது. ஆறவிட்டு, நீரில் காட்டி, பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கரியைச் சுரண்டியது. புதுப் பஞ்சைத் திரித்து, வழுக்கினாற்போல் நுழைத்து, இரண்டு நுனியையும் நறுக்கி, சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு ஊறவைத்து, பாகங்களை மறுபடி பூட்டியது. இதய அறுவை செய்கிறவர் பார்த்தால் வேலையை ராஜினாமா செய்திருப்பார்.

"எத்தனை வருஷம்?" என்றார் மாமா, தணிந்த குரலில்.

"ஏழு வருஷம் மாமா. நாரேவைப் பார்த்தப்புறம் விட்டுட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும். அத்தைகிட்டதான் பொய் சொல்லிட்டேன்."

மாமா பதில் சொல்வதற்குள் பால்கனிக் கதவு நகர்ந்தது. நறுக்கிய பேரிக்காய்த் தட்டோடு அத்தை நின்றாள். மாமாவின் முகம் டோஃபுவாக வெளுத்தது.

கியூஹோ அவரைப் பார்த்தான். முப்பது வருஷக் குடித்தனம் தன் கண்ணெதிரே இடிந்து விழப்போகிறது. நாரே கிடைக்காமல் போனாலும் போகட்டும், அவள் அப்பாவாவது வீட்டைவிட்டுத் துரத்தப்படாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"அது என்னுது அத்தை," என்று தலைகுனிந்தான். "மாமா மேல தப்பில்ல."

அத்தை தட்டை வைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். நாரே வருகிறாளா என்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, இ-சிகரெட்டை எடுத்து வாயில் வைத்து நிதானமாக ஓர் இழுப்பு இழுத்து, எதிர்க் கட்டடம் மறையும்படி புகையை விட்டாள்.

"பத்து வருஷமா இந்த மனுஷன் எனக்குச் சுத்தம் பண்ணித் தர்றார், ஒரு நாளாவது தொண்டை கமறாம இருந்ததில்ல," என்றாள். "ஞாயித்துக்கிழமை தவறாம வந்துடுங்க மாப்பிள்ளை."