எதிர் நாற்காலி

மகளின் புறங்கையில் நகக்கீறல்கள் சிவந்து கிடந்தன. தலைமையாசிரியை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தடவினாள் தையல்காரி. யார் கீறியது என்று எத்தனை விதமாகக் கேட்டும் பெண் வாய் திறக்கவில்லை.

"நீ வந்திருக்கவே வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

கடையில் தைத்துக்கொண்டிருந்தபோது பள்ளியிலிருந்து அழைத்தார்கள். வகுப்பில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை ரொம்ப நாளாகக் கொடுமைப்படுத்துகிறதாம். இரு வீட்டாரும் உடனே வரவேண்டுமாம். மெஷினில் துணியை அப்படியே விட்டு ஓடிவந்தவள், கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூடக் கழற்றவில்லை.

இந்தப் பயம் அவளுக்குப் புதிதல்ல. இதே வயதில் அவளை ஒருத்தி கழிவறைக்குள் தள்ளிப் பூட்டுவாள். 'ஈர்க்குச்சி' என்று பெயர் வைத்து வகுப்பையே அப்படிக் கூப்பிட வைத்தாள். அழுதுகொண்டே போய் முறையிட்டபோது, பிள்ளைகள் என்றால் விளையாடத்தான் செய்யும் என்று ஆசிரியை சிரித்துவிட்டார். பள்ளி மணி காதில் விழுந்தால் இன்றைக்கும் அவள் தைப்பதை நிறுத்திவிடுவாள். கடவுளே, என் பிள்ளைக்கும் அதே தலையெழுத்தா என்று மனதுக்குள் மன்றாடினாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். எதிர் நாற்காலியில் இருந்தவளைப் பார்த்ததும் தையல்காரி வாசலிலேயே நின்றுவிட்டாள். உடம்பு பெருத்து, தலை நரைத்திருந்தாலும் அதே முகம். அன்று பூட்டியவள்.

அவளுடைய மகள் தன் தாயின் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கி நின்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்தாள் தையல்காரி. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள்?

தலைமையாசிரியை தண்ணீர் டம்ளரைத் தையல்காரியின் பக்கம் நகர்த்தினார். "முதல்ல இதக் குடிங்கம்மா."

பிறகு மெல்லிய குரலில் விளக்கினார். முன்பு மாதிரி இதையெல்லாம் பள்ளிக்குள்ளேயே மூடிவைக்க முடியாது. இப்போது சட்டம் வந்துவிட்டது; நடந்ததை நடந்தபடி கல்வி அலுவலகத்துக்கு எழுதியே ஆகவேண்டும். யார் பிள்ளை என்று தயவுதாட்சண்யம் பார்க்க வழியில்லை.

தையல்காரி தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று தனக்காகப் பேச ஒருவரும் இல்லை. இன்று பெற்ற தாயும் பேசாவிட்டால் எப்படி? எதிரே பார்க்கத் துணிவில்லாமல் மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"எழுதுங்க டீச்சர். சின்னப் புள்ளைன்னு பாவம் பாக்காதீங்க. அவ செஞ்சது ஒண்ணுவிடாம எழுதுங்க."

மகள் வெடுக்கென்று தன் கையை உருவிக்கொண்டாள். தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எதிர் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து வந்தாள். தையல்காரி தன்னை அறியாமல் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

அடி விழவில்லை. கையை விலக்கிப் பார்த்தபோது, முன்னால் நின்றவள் இரண்டு கைகளையும் கூப்பியிருந்தாள். குரல் உடைந்திருந்தது.

"அன்னிக்கு நான் செஞ்சதுக்கு என்னை என்ன வேணாலும் செய்யி. என் புள்ளைய மட்டும் விட்டுடச் சொல்லு உன் பொண்ண."