பச்சோந்தி கேமரா வாங்கிய கதை

பச்சோந்திக்குப் படமெடுக்கும் ஆசை வந்துவிட்டது. அதுவும் சின்ன கேமரா ஆகாது, ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர்.தான் வேண்டுமாம். செம்பருத்திச் செடியில் குடியிருந்த வண்ணத்துப்பூச்சி இதைக் கேட்டதும் பறந்து வந்தாள்.

"அண்ணே, முதல் படம் என்னையே எடுங்க. எங்களுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி."

"எடுத்துருவோம்மா. எந்த கேமராங்கிறது மட்டும் முடிவாகட்டும்."

பச்சோந்தி ஒரு கண்ணால் ஒரு கேமராவின் விமர்சன வீடியோவையும், மறு கண்ணால் இன்னொன்றின் வீடியோவையும் பார்த்தது. ஒன்றில் இருட்டிலும் படம் தெளிவாக விழுமாம். மற்றது கைக்கு அடக்கமாம். கேமரா எல்லாமே கறுப்பு என்பதால் பச்சோந்தியும் மாதக்கணக்கில் கறுப்பாகவே கிடந்தது.

வண்ணத்துப்பூச்சி செத்துப்போனாள். அவள் மகள் வந்து பூவில் உட்கார்ந்தாள்.

"மாமா, அசையாம உட்காரணும்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க."

"அடுத்த மாசம் புது மாடல் வருதாம். பொறும்மா."

அவளும் போய்ச் சேர்ந்தாள்.

பேத்தி "தாத்தா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்த அன்றைக்குத்தான் கேமரா வந்து இறங்கியது. பச்சோந்தி அதை எதிரே இருந்த செங்கல் சுவரைப் பார்த்துத் திருப்பியது. பேத்திக்குப் படபடப்பு. பறந்துபோய்ச் சுவரின் நடுவில் உட்கார்ந்து, அம்மாவையும் பாட்டியையும் நினைத்துக்கொண்டு சிறகை விரித்தாள்.

வியூஃபைண்டரில் கண்ணை வைத்த பச்சோந்தி முகம் சுளித்தது.

"தள்ளிக்கம்மா. லென்ஸ்ல ஒவ்வொரு செங்கலும் தெளிவா விழுதான்னு பார்க்கணும். நீ சுவரை மறைக்கிறே."