அப்பாவுக்கு எடுத்து வைத்த குழம்பு

“மேடம், எம் புள்ளைய நானே கொன்னுட்டேன்!”

அரசு ஆஸ்பத்திரியின் போதை மீட்பு வார்டுக்குள் தலைவிரி கோலமாக ஓடிவந்த ஆரோக்கியமேரி, ஆலோசகர் துர்காதேவியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

துர்காதேவி அவள் பின்னாலேயே ஓடினாள். மேரியின் புருஷன் தேசப்பன் இந்த வார்டில் இருபது நாள் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போன வாரமே மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்ட மகானுபாவன். மகன் ஜெரால்டு அப்படியில்லை. அப்பன் குடித்த டம்ளரில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

அந்த ஜெரால்டுதான் இப்போது அவசரப் பிரிவில் கிடந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் நண்பர்களோடு வெளியே போய்வந்தவன், கம்பெனி கேட்டிலேயே சுருண்டு விழுந்திருக்கிறான். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. மூச்சு இரைத்தது, வாந்தி நிற்கவில்லை.

நர்ஸ் அவனுடைய யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றியபோது, பையிலிருந்து நாலைந்து புதினா மிட்டாய்கள் தரையில் உருண்டன.

“இருவது வயசாவுது, இன்னும் சின்னப்புள்ள மாதிரி மிட்டாய் துன்றான் மேடம்!” மேரி அவற்றைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு அழுதாள்.

“பி.பி. இறங்கிக்கிட்டே போகுது. வெளியில என்னத்தச் சாப்பிட்டானோ” என்று கவலைப்பட்டார் டாக்டர்.

துர்காதேவி மேரியை ஓரமாக அழைத்துப்போனாள். “மறைக்காம சொல்லுங்கம்மா. என்ன பண்ணீங்க?”

“எங்க ஊட்டுக்காரருக்கு நீங்க குடுத்தீங்களே, குடிய நிறுத்தற மாத்திரை... அத வாயில வெக்க மாட்டேன்னுட்டாரு. அதான் பொடி பண்ணி, அவரு பங்கு மீன்கொழம்புல கலந்து தனியா எடுத்து வெச்சேன். நேத்து காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போன மனுசன் ராத்திரி ஊட்டுக்கே வரல. நான் அசந்து தூங்கிக்கினு இருந்தப்ப, இவன் அந்தக் கொழம்ப ஊத்தித் துன்னுட்டான்.”

துர்காதேவிக்குக் கோபம் தலைக்கேறியது. “அவருக்குத் தெரியாம குடுக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? தெரியாம சாப்பிட்டுட்டு அவர் வெளிய போய்க் குடிச்சார்னா, உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க மேடம். எனக்கும் பயமாத்தான் இருந்திச்சி. அதான் மொதல்ல நானே ரெண்டு நாளு முழுங்கிப் பாத்தேன். மாதா மேல சத்தியமா எனக்கு ஒண்ணுமே ஆவல!”

ஏதோ திட்ட வாயெடுத்த துர்காதேவி அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த நொடி டாக்டரிடம் ஓடிப்போய் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். டாக்டர் ஒருமுறை ஜெரால்டை உற்றுப் பார்த்தார். பிறகு நர்ஸிடம் மளமளவென்று வேறு மருந்துகளைச் சொன்னார்.

அடுத்த ஒரு மணி நேரமும் மேரி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கென்று இருப்பது இந்த ஒரு பிள்ளைதான். அவனும் போய்விட்டால் அவளும் போய்விடுவாள் என்று துர்காதேவிக்குத் தெரியும்.

மூச்சு மெல்லச் சீரானது. ஜெரால்டு கண் திறந்தான்.

“பொழச்சிக்கினான் மேடம்!” மேரி அவன் கன்னத்தைத் தடவினாள். திடீரென்று திரும்பி, “ஆனா, எனக்கு ஒண்ணும் ஆவாத மாத்திரை எம் புள்ளைக்கு மட்டும் எப்படி மேடம் வெஷமாச்சி?” என்றாள்.

ஜெரால்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

 துர்காதேவி மேரியின் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து அவன் தலையணை ஓரத்தில் வைத்தாள்.

“எத்தனை நாளா குடிக்கிற, தம்பி?”